எண்ணெயைப் பிடிக்கும் மீன்படகுகள்

ஊருக்குள் ஒரு வீடு தீப்பற்றினால் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து சேர்கிறது. கடலில் ஓர் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, அதன் வயிற்றிலிருந்து எண்ணெய் கொட்டத் தொடங்கினால் வந்து சேருவது எது?

அதற்கென்றே கட்டப்பட்ட துப்புரவுக் கப்பல்கள் உண்டு. ஆனால் அவை எண்ணிக்கையில் மிகச் சில. அவை நிற்கும் துறைமுகம் விபத்து நடந்த இடத்திலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கலாம். கடற்கரையில் ஊருக்கு ஊர் தயாராக நிற்பவை மீன்பிடிப் படகுகள்தாம். அவற்றையே எண்ணெய் அள்ள அனுப்பிவிட்டால் என்ன?

நல்ல யோசனைதான். ஆனால் அப்படி அனுப்புவதற்கு எவ்வளவு விஞ்ஞானமும் எவ்வளவு முன்னேற்பாடும் வேண்டும் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை இப்போது காண்போம்.

அலாஸ்காவில் ஒரு நள்ளிரவு

வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் உள்ளது அலாஸ்கா. அதன் தென்கரையில் தீவுகளும் பனியாறுகளும் சூழ்ந்த ஒரு கடற்பகுதிக்குப் பிரின்ஸ் வில்லியம் சவுண்டு என்று பெயர். அங்குள்ள வால்டீஸ் துறைமுகத்துக்கு, வடக்கே இருக்கும் எண்ணெய் வயல்களிலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாகக் கச்சா எண்ணெய் வந்து சேர்கிறது. அங்கிருந்து கப்பல்கள் அதை ஏற்றிச் செல்கின்றன.

1989 மார்ச் 24 அன்று நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில், 'எக்ஸான் வால்டீஸ்' என்னும் கப்பல் பிளை பாறைத்திட்டில் ஏறி நின்றது. அதன் அடிப்பகுதி கிழிந்தது. கொட்டிய எண்ணெய் 4 கோடி லிட்டருக்கும் அதிகம். ஒரு டாங்கர் லாரி 12,000 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 3,500 லாரிகளைக் கடலில் கவிழ்த்ததற்குச் சமம்!

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு திட்டம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. 5 மணி நேரத்தில் கருவிகளுடன் ஆட்கள் போய்ச் சேர வேண்டும் என்பது அதில் இருந்த விதி. ஆனால் கருவிகளை ஏற்றிச் செல்ல வேண்டிய தட்டைப்படகு பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதில் கருவிகளை ஏற்றி அனுப்பிச் சேர்ப்பதற்கு 12 மணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. முதல் மூன்று நாட்கள் கடல் அமைதியாக இருந்தது. அந்த நல்ல நாட்கள் பெரும்பாலும் வீணாயின. பிறகு புயல் வீசியது. எண்ணெய் தீவு தீவாகப் பரவியது. கடைசியில் சுமார் 2,100 கிலோமீட்டர் நீளக் கரையில் எண்ணெய் படிந்தது. மடிந்த கடற்பறவைகள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் இருக்கும் என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டனர்.

எண்ணெய் ஏன் காத்திருப்பதில்லை?

சில மணி நேரத் தாமதம் இவ்வளவு கேடு செய்யுமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எண்ணெயின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவு. ஆகவே அது மிதக்கிறது. மிதந்தபடியே மெல்லிய படலமாகப் பரவுகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள படலமாகப் பரவினால் 1,000 சதுர மீட்டர் பரப்பை மூடிவிடும். ஆண்கள் ஆடும் கபடிக் களத்தின் பரப்பு 130 சதுர மீட்டர். ஆக, ஒரே ஒரு லிட்டர் எண்ணெய் ஏழெட்டுக் கபடிக் களங்களை மூடும்!

பரவுவதோடு அது நிற்பதில்லை, நகரவும் செய்கிறது. நீரோட்டம் அதை அப்படியே தூக்கிச் செல்லும். காற்றும் தன் வேகத்தில் ஏறத்தாழ நூற்றில் மூன்று பங்கு வேகத்தில் அதைத் தள்ளும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், காற்றினால் மட்டும் எண்ணெய் ஒரு நாளில் 20 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

மூன்றாவது கேடு ஒன்று உண்டு. அலைகள் எண்ணெயை நீருடன் சேர்த்துக் கடைகின்றன. அப்போது நீர்த்துளிகள் எண்ணெய்க்குள் சிக்கிக்கொண்டு, பழுப்பு நிறக் களி போன்ற பொருள் உண்டாகிறது. அதில் நீரின் அளவு 70, 80 சதவிகிதம்கூட இருக்கலாம். ஒரு குடம் எண்ணெய் மூன்று நான்கு குடம் களியாகப் பெருகிவிடும்! அது பம்புகளில் ஏறாது, குழாய்களை அடைத்துக்கொள்ளும். முதல் நாளில் எளிதாக அள்ளக்கூடிய எண்ணெயை மூன்றாம் நாளில் மண்வெட்டியால் வாரவேண்டி வரும்.

இப்போது புரிகிறதா? எண்ணெய் கொட்டிய முதல் சில மணி நேரத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு படகு, மூன்று நாள் கழித்து வரும் பத்துப் படகுகளைவிட மேலானது.

வாளியுடன் புறப்பட்ட மீனவர்கள்

பிரின்ஸ் வில்லியம் சவுண்டின் கிழக்குப் பக்கம் கார்டோவா என்றொரு சிறிய மீனவர் ஊர் உள்ளது. சால்மன், ஹெர்ரிங் என்ற மீன்கள்தாம் அவ்வூரின் வாழ்வு. விபத்துச் செய்தி கேட்டதும் அங்குள்ள மீனவர்கள், "எங்கள் படகுகள் தயார், என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்" என்று முன்வந்தனர். ஆனால் அவர்களுக்கு வேலை கொடுக்க ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அவர்களுடைய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. கருவிகள் அவர்களுக்கு ஒதுக்கப்படவில்லை. எங்கே போவது என்று சொல்வாரும் இல்லை.

அப்போது அவர்கள் ஒரு புத்திசாலித்தனமான முடிவு எடுத்தனர். கடல் முழுவதையும் காக்க முடியாது; ஆகவே எதை இழந்தால் நாளை மீனே இருக்காதோ அதைக் காப்போம் என்று தீர்மானித்தனர். அதுதான் சால்மன் குஞ்சு பொரிப்பகங்கள். இளவேனில் காலமாதலால் கோடிக்கணக்கான மீன்குஞ்சுகள் கடலில் விடப்படும் தருவாயில் இருந்தன. மீனவர்கள் தங்கள் சிறு படகுகளில் விரைந்து, சாமில் விரிகுடா போன்ற இடங்களில் பொரிப்பகங்களுக்கு முன்னே மிதவைத் தடுப்புகளை வரிசை வரிசையாகக் கட்டினர். தடுப்பில் வந்து தேங்கிய எண்ணெயை வாளிகளால் அள்ளினர். இந்தச் சிறு படகுக் கூட்டத்துக்குக் 'கொசுப்படை' என்றே பெயர் வந்துவிட்டது. பொரிப்பகங்கள் காப்பாற்றப்பட்டன.

இந்த நிகழ்ச்சி இரண்டு உண்மைகளைக் காட்டியது. முதலாவது, உள்ளூர் மீனவருக்குத் தம் கடலின் நீரோட்டமும் பாறையும் தெரியும்; அந்த அறிவை வெளியூரிலிருந்து கொண்டுவர முடியாது. இரண்டாவது, பயிற்சியும் கருவியும் முன்பே இருந்திருந்தால், அதே மீனவர்கள் இன்னும் எவ்வளவோ செய்திருக்க முடியும்.

மிதக்கும் வேலி

மீனவர்கள் கட்டிய மிதவைத் தடுப்பு என்பது என்ன? 'பூம்' என்று அழைக்கப்படும் இதை ஒரு மிதக்கும் வேலி என்று சொல்லலாம். மேலே காற்று அல்லது நுரைப்பொருள் அடைத்த மிதவை இருக்கும். அது அலை மேலேறி வராமல் தடுக்கும். கீழே பாவாடை போல ஒரு துணி நீருக்குள் தொங்கும். அது எண்ணெய் அடியில் நழுவாமல் தடுக்கும். பாவாடையின் அடியில் சங்கிலி கோத்திருப்பார்கள். அது துணியை நேராக நிற்கவைக்கும் பாரம்.

இரண்டு படகுகள் இந்த வேலியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப்போல இணையாகச் செல்லும். வேலி குதிரை லாட வடிவில் வளைந்து பின்னால் வரும். மிதக்கும் எண்ணெய் அதன் வளைவில் சேரச் சேரப் படலம் தடிப்பாகும். அங்கே மூன்றாவது படகு ஒன்று எண்ணெய் வழித்தெடுக்கும் கருவியை இறக்கும். எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் ஆனால் நீர் ஒட்டாத தட்டுகளோ தூரிகைகளோ அக்கருவியில் சுழன்று, எண்ணெயை மட்டும் மேலே கொண்டுவரும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, அல்லவா? ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது.

மெதுவாகப் போகக் கற்றுக்கொள்வது

வேலியை நோக்கி நீர் வரும் வேகம் ஏறத்தாழ 0.7 நாட்டைத் தாண்டினால், எண்ணெய் துளித்துளியாகப் பிய்ந்து பாவாடைக்கு அடியில் நழுவி மறுபக்கம் போய்விடும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஆகவே 0.7 நாட் என்பது மணிக்கு வெறும் 1.3 கிலோமீட்டர், நிமிடத்துக்கு 22 மீட்டர்கூட இல்லை. நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் இது மூன்றில் ஒரு பங்குதான்!

மீன்பிடிப் படகு இதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் ஓடக் கூடியது. வலை இழுக்கும்போதுகூட இதைவிட வேகமாகத்தான் செல்லும். அப்படிப்பட்ட எஞ்சினை, மற்றொரு படகுக்கு இணையாக, காற்றும் அலையும் தள்ளும்போது, ஊர்ந்து செல்லும்படி நடத்துவது எளிதா? பல்லாண்டு கடலில் திரிந்தவருக்கும் இது புதிய பாடம். அண்மைக் காலத்தில் வந்துள்ள சில புதிய அமைப்புகளைச் சற்று வேகமாக இழுக்கலாம். ஆயினும் சாதாரண வேலிக்கு விதி இதுவே. அவசரத்தில் விரைந்து இழுத்தவர், பிடித்த எண்ணெயையும் விட்டுவிடுவார்.

நீங்களே செய்து பாருங்கள்

அகலமான தட்டு அல்லது தொட்டி ஒன்றில் நீர் நிரப்புங்கள். இரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெயில் சிறிது மஞ்சள்தூள் கலந்து நீரின் மேல் விடுங்கள். பழைய பிளாஸ்டிக் உறை அட்டையிலிருந்து நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். பாதி அகலம் நீருக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்குமாறு இரு கைகளாலும் அரைவட்டமாக வளைத்துப் பிடியுங்கள். முதலில் மிக மெதுவாக இழுங்கள். எண்ணெய் வளைவில் ஒன்றுசேரும். பிறகு வேகமாக இழுங்கள். எண்ணெய் துளிகளாகி அடியில் நழுவிப் பட்டைக்குப் பின்னால் எழுவதைக் காண்பீர்கள்.

சோதனை முடிந்ததும் எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள், அதுவும் ஓர் எண்ணெய்க் கசிவுதானே!

பட்டியலில் பெயர், ஆண்டுதோறும் பயிற்சி

1989 விபத்துக்குப் பின் அலாஸ்காவில் ஏற்பாடுகள் மாறின. 1990-இல் அமெரிக்காவில் எண்ணெய் மாசுச் சட்டம் வந்தது. வால்டீஸில் உள்ள எண்ணெய் முனையத்தையும் எண்ணெய்க் குழாயையும் நடத்தும் அலியெஸ்கா நிறுவனம், உள்ளூர் மீன்பிடிப் படகுகளுடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. இப்போது வால்டீஸ், கார்டோவா, விட்டியர், செவார்டு, ஹோமர், கோடியாக் ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 400 படகுகள் இந்தப் பட்டியலில் உள்ளன. சில படகுகள் அழைப்பு வந்த சில மணி நேரத்திலேயே புறப்பட வேண்டும். மற்றவை அடுத்தடுத்துச் சேரும்.

பெயரைப் பதிந்ததோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் மீனவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். பிறகு கடலில் இறங்கி வேலியை விரித்துப் பழகுகிறார்கள். பயிற்சி நாட்களுக்கு ஊதியமும் உண்டு. ஏனெனில் அவர்கள் தொழிலை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் கற்கும் பாடங்களில் சிலவற்றைப் பாருங்கள்.

முதல் பாடம் மூச்சைப் பற்றியது. புதிதாகக் கொட்டிய கச்சா எண்ணெயிலிருந்து பென்சீன் போன்ற நச்சு ஆவிகள் எழும். அவை தீப்பற்றவும் கூடும். ஆகவே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமிருந்தே எண்ணெயை நெருங்க வேண்டும். காற்றில் எவ்வளவு ஆவி உள்ளது என்பதைக் கருவியால் அளந்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். கையுறை, காலணி, உடை ஆகியவற்றை அணிவதற்கு முறை உண்டு. எண்ணெய் மேலே படாமல் கழற்றுவதற்கும் முறை உண்டு.

இரண்டாவது பாடம் நிறத்தைப் பற்றியது. வானவில் நிறம் காட்டும் படலம் கண்ணைக் கவரும். ஆனால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைத் துரத்துவது வீண் வேலை. கறுத்துத் தடித்த திட்டுகளில்தான் பெரும்பாலான எண்ணெய் இருக்கும். படகிலிருந்து பார்த்தால் அத்திட்டுகள் சரியாகத் தெரியமாட்டா. ஆகவே விமானத்திலிருந்து ஒருவர் வானொலியில் வழிகாட்டுவார். படகோட்டிகள் அந்தச் சொற்களைப் புரிந்துகொண்டு உடனே திரும்பப் பழக வேண்டும்.

மூன்றாவது பாடம் சாய்வைப் பற்றியது. ஓடும் நீருக்குக் குறுக்கே வேலியை நேராகக் கட்டினால் எண்ணெய் அடியில் போய்விடும் என்று கண்டோம். அதையே சாய்வாகக் கட்டினால் எண்ணெய் வேலியை ஒட்டி வழுக்கிக்கொண்டு ஓரத்திலுள்ள அமைதியான நீருக்குப் போய்ச் சேரும். வாய்க்காலில் மிதந்து வரும் சருகைக் குச்சியால் ஓரமாக ஒதுக்குகிறோமே, அதே தந்திரம்தான்.

நான்காவது பாடம் தொட்டியைப் பற்றியது. அள்ளிய எண்ணெயை எங்கே ஊற்றுவது? தொட்டி நிரம்பிவிட்டால் வழித்தெடுக்கும் கருவி நின்றுவிடும். மீன் வைக்கும் அறையில் ஊற்றினால் அப்படகின் தொழிலே கெட்டுவிடும். ஆகவே சேமிப்புத் தட்டைப்படகுகள் எப்போதும் உடன் வரவேண்டும். இதை எண்ணிப் பார்க்காமல் புறப்படும் படை, குடமில்லாமல் கிணற்றுக்குப் போனவர் கதையாகிவிடும்.

விபத்துக்குப் பின் சேர்த்தால்?

முன்பே சேர்ப்பதற்கும் பின்னால் சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை 2010-இல் உலகம் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று மெக்ஸிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்தது. 11 பேர் உயிரிழந்தனர். கடலடியிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் பீறிட்டது. மீன்பிடிக்கத் தடை வந்ததால் வேலையிழந்த மீனவர்களின் படகுகள் ஆயிரக்கணக்கில் துப்புரவுப் பணிக்கு அமர்த்தப்பட்டன.

அவர்களால் பெரும் உதவி கிடைத்தது. இறால் பிடிக்கும் படகுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து தீயைத் தாங்கும் வேலிகளை இழுத்தன. அவற்றில் சேர்ந்த எண்ணெய் கடலிலேயே எரிக்கப்பட்டது. இவ்வாறு 411 முறை எரித்தார்கள். வலை இழுத்துப் பழகிய கைகள் அல்லவா? வேலி இழுப்பதும் அவர்களுக்கு விரைவில் கைவந்தது.

ஆயினும் குறைகளும் எழுந்தன. பலருக்குச் சில மணி நேரப் பயிற்சியே கிடைத்தது. மீன்பிடித் தொழிலில் இல்லாத படகுகள் ஊதியத்துக்காகப் பட்டியலில் புகுந்தன. பிழைப்பிழந்த மீனவர்கள் சிலர் காத்துக் கிடந்தனர். நெருக்கடி நேரத்தில் பட்டியல் எழுதினால் இப்படித்தான் ஆகும். யாருடைய படகு, எவ்வளவு நீளம், யார் ஓட்டுவார், யாருக்கு என்ன பயிற்சி உண்டு என்ற கேள்விகளுக்கெல்லாம் அமைதியான நாளில்தான் விடை எழுத முடியும்.

நம் கரையில்

இந்தியாவில் எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ளும் தேசியத் திட்டம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு உரியது.

2017 ஜனவரி 28 அன்று, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரிய எண்ணெய் சென்னைக் கரையில் ஒதுங்கியது. அது களியாக இறுகிவிட்டதால் இயந்திரங்களால் உறிஞ்ச முடியவில்லை. மீனவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் வாளி வாளியாக அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் கறுத்தன. அப்போதும் எண்ணெயை அள்ள இறங்கியவர்கள் அங்குள்ள மீனவர்களே. முதல் நாட்களில் தகுந்த பாதுகாப்பு உடையில்லாமல் வெறுங்கையால் அள்ளியவர்களும் உண்டு.

அவர்களுடைய துணிவை நாம் போற்ற வேண்டும். ஆனால் துணிவு மட்டும் நுரையீரலைக் காக்காது. நச்சு ஆவிக்கு நல்லவர், கெட்டவர் என்ற வேறுபாடு தெரியாது. வாடைக்காற்றையும் கச்சானையும் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த நம் மீனவர்களிடம் கடலறிவு நிறைந்திருக்கிறது. அதனுடன் பெயர்ப்பட்டியலும் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் கருவிக் கிடங்கும் உரிய ஊதியமும் சேரவேண்டும். அதுவும் எண்ணெய் வருமுன்பே சேரவேண்டும்.

ஒன்றை மறக்கவேண்டாம்

எவ்வளவு நன்றாகப் பயின்றாலும், பெரிய கசிவுகளில் கடற்பரப்பிலிருந்து கருவிகளால் மீட்கப்படும் எண்ணெய் பொதுவாக 10 முதல் 15 சதவிகிதத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே சிந்தாமல் காப்பதே முதல் வேலை. அதனால்தான் இப்போது எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வைக்கிறார்கள். பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் எண்ணெய் ஏற்றிய கப்பலுடன் துணைக்கு இழுவைக் கப்பல்களும் செல்கின்றன.

அப்படியானால் அந்த 10, 15 சதவிகிதத்துக்காக இத்தனை பாடுபட வேண்டுமா? கார்டோவா மீனவர்களைக் கேட்டால் விடை கிடைக்கும். அவர்கள் கடல் முழுவதையும் காக்கவில்லை. மீன்குஞ்சுகள் இருந்த சில விரிகுடாக்களை மட்டும் காத்தார்கள். அடுத்த தலைமுறை மீன்கள் அங்கிருந்துதான் புறப்பட்டன.

சிந்தியுங்கள்

1. ஆற்று நீர் 2 நாட் வேகத்தில் ஓடுகிறது. அதன் குறுக்கே மிதவை வேலியை நேராகக் கட்டினால் என்ன ஆகும்? எப்படிக் கட்டவேண்டும்?

2. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கரையை நோக்கி வீசுகிறது. நீரோட்டம் இல்லை. கரையிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில் கொட்டிய எண்ணெய் எத்தனை மணி நேரத்தில் கரையை அடையும்? அதற்குள் என்னென்ன செய்யவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.

3. உங்கள் ஊர் கடற்கரையில் இருந்தால், எதை முதலில் காப்பீர்கள்? அலையாத்திக் காடா, கழிமுகமா, ஆமை முட்டையிடும் மணலா? மீனவப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்லும் காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு ஒருநாள் உங்கள் ஊருக்கே பயன்படலாம்.